எலுமிச்சை முள்

என் அக்கா சண்முகவள்ளியின் வீட்டுக்காரர் அழகுமலைக்கு வாய் நீளம். செண்பகனூரில் பேரிக்காயும் பிளம்ஸும் விற்கிற எங்கள் கடையில் நின்று அவர் அதட்டினால் பெருமாள்மலையில் பஸ் நின்றுவிடும் என்று கிண்டல் செய்வேன். குழம்பில் உப்புக் குறைந்தால் அன்று வீட்டில் கச்சேரிதான்.

அவர்களுடைய ஒரே மகள் விசாலம், மதுரைச் சித்திரைப் பொருட்காட்சியில் ஆசைப்பட்டுத் தன் குரலை ஒரு கிராமபோன் தட்டில் பதிவு செய்துகொண்டாள். பாட்டுப் பாடத்தான் போனாள். மைக்கைப் பார்த்ததும் பாட்டு மறந்துவிட்டது. "மாமா, சிரிக்காதீங்க" என்று என்னிடம் சிணுங்கினாள். வீட்டுக் கதையெல்லாம் உளறினாள். கடைசியில், "அப்பா, உப்புக்கெல்லாம் அம்மாவ வையாதீங்கப்பா" என்றாள். அதோடு தட்டு முடிந்தது. மறுவருஷம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதன்பிறகு மத்தியானச் சாப்பாடு ஆனதும் ரேடியோவோடு இணைத்த கரண்ட் பிளேயரில் அந்தத் தட்டை வைப்போம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். மச்சான் வெற்றிலை போடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அறுபதாம் வருஷ ஐப்பசியில் மலை மஞ்சு மூட்டம் வீட்டுக்குள்ளேயே குடியேறிவிட்டது. விசாலத்தின் குரல் நாளுக்கு நாள் கம்மியது. ரேடியோ ரிப்பேர் பார்க்கும் குமாரவேல் வந்து, ஊசி மாட்டியிருக்கும் தலையைக் கழற்றிப் பார்த்தார்.

"உள்ள இருக்கது ஒரு மாதிரி உப்புக் கிரிஸ்டலுங்க. ஈரம் ஏறிருச்சு. சுட்ட சுண்ணாம்போட டப்பாவுல மூடி வைங்க, அது ஈரத்த இழுத்துக்கும். மெதுவாத் தேறும்."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. இந்த மலையில் உப்பும் தீப்பெட்டியும் ஈரம் கோத்தால் அடுப்புக்கு மேலே பரணில்தான் வைப்போம். அவளும் அந்தத் தலையைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டாள். திரும்ப மாட்டியபோது முனகல்கூட இல்லை.

"சூடு பட்டா உருகிரும்மா" என்றார் குமாரவேல். "இந்த மாதிரித் தலை இப்ப எங்கயும் வாரதில்ல."

"மக கொரலையும் அடுப்புல போட்டுட்டியேடி!" என்று மச்சான் தெருவே கேட்கக் கத்தினார். எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

கார்த்திகை பிறந்தது. ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்தினாள்.

"தம்பி, அவ எப்புடிப் பேசுவான்னு நெனச்சு நெனச்சுப் பாக்கேன். மொகம் வருது. கொரல் வரமாட்டேங்குது."

வாசலில் நின்ற மச்சானுக்கும் அது கேட்டுவிட்டது. அன்றைக்கே கையால் சாவி கொடுக்கும் பழைய கிராமபோனைத் தூசி தட்டி இறக்கினார். குமாரவேல் பதறினார்.

"இதோட தலை ரொம்பக் கனமுங்க. கடையில விக்கிற பாட்டுத்தட்டு தாங்கும். இந்தத் தட்டுல இருக்க பூச்சு மெத்துன்னு இருக்கும், இரும்பு ஊசி செதுக்கித் தள்ளிரும். கேட்டே ஆகணும்னா ஊசிக்குப் பதிலா எலுமிச்ச முள்ளச் செருகுங்க. சத்தம் கொறையும். ஆனா ரெண்டு மூணு தரத்துக்காச்சும் தாங்கும்."

அந்த வாய்நீளக்காரர் பேச்சு மூச்சில்லாமல் கடையில் உட்கார்ந்து, காய்ந்த முட்களை உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கினார்.

தட்டு சுழன்றது. சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து பேசுகிறவள்போல விசாலம் வந்தாள். "மாமா, சிரிக்காதீங்க." அக்கா பெட்டியில் காதை ஒட்டிக்கொண்டாள். முள்ளுக்கு முன்னால் கறுப்பாக ஏதோ நூல் நூலாகச் சேர்ந்துகொண்டே வந்தது.

"பூச்சு உரியுது. நிப்பாட்டவா?" என்றார் மச்சான்.

"வேண்டாம். முழுசாக் கேட்டுருவோம்."

"அப்பா, உப்புக்கெல்லாம்..." என்று கடைசி வரியும் வந்து முடிந்தது. தட்டின்மேல் கிடந்த கறுப்புத் தூளை ஊதிவிட மச்சான் குனிந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எழுந்துபோய்க் குங்குமச் சிமிழைக் காலி செய்து கொண்டுவந்து, அந்தத் தூளை விரலால் கூட்டி அதில் போட்டு மூடினாள்.

மறுநாள் வைத்தபோது பாதி வார்த்தைகள் இல்லை. அடுத்த தடவை வெறும் இரைச்சல்தான் வந்தது. தட்டை உறையில் போட்டு, அலமாரியில் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தார் மச்சான். அதற்குப்பிறகு யாரும் அதை எடுக்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பில் ஒரு கல் உப்புக்கூட இல்லை. நான் வாயெடுக்கப் போனேன். மச்சான் கண்ணாலேயே அடக்கிவிட்டு, தலையைக் குனிந்து முழுதும் சாப்பிட்டு எழுந்தார்.

பிறகு தன் இலையில் போட்டு ஒரு வாய் வைத்ததும் அக்கா திடுக்கிட்டாள்.

"உப்பே போடலயே நானு! ஒரு வார்த்த வைஞ்சிருக்கக் கூடாதா?"

கைகழுவிக்கொண்டிருந்த மச்சான் திரும்பவில்லை.

"அதான் வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்காள்ல" என்றார்.