கதவடி எழுத்துகள்

அந்தப் பள்ளிக்கூடத்துக் கதவுகளில் ஊர்மொழி எழுத்துகள் ஆண்டுக்கு ஒரு சாண் வளர்ந்தன. பள்ளிப் பெயிண்டர் எழுதியபோது அவை நகத்தளவுதான் இருந்தன. பலகைகள் எல்லாம் தலைநகர் மொழிக்கு மாறி, பள்ளி புதுக் கட்டடத்துக்குப் போன ஆண்டு அது. இருபத்திரண்டு கதவுகளும் ஒரே அச்சு. துப்புரவு வேலை பார்த்த அக்காவுக்கு ஊர்மொழி மட்டுமே வாசிக்கத் தெரியும். தேர்வு நடந்த அறைக்குள் வாளியோடு இரண்டு முறை நுழைந்துவிட்டார். மூன்றாம் முறை நுழைந்தால் வேலை போய்விடும் என்றார் தலைமையாசிரியர். இதைக் கேட்ட பெயிண்டர், ஒவ்வொரு கதவின் அடியிலும், தரை துடைக்கக் குனிபவர் கண்ணில் படும் இடத்தில், அறையின் பெயரை எழுதினார்.

"நிமிர்ந்து நடக்கிறவங்களுக்கு இது தெரியாதுக்கா."

"நல்லா இருப்பே தம்பி. ஆனா கழிப்பறைக்கு எதுக்கு எழுதினே? அதை மூக்கே சொல்லுமே!"

அந்த வாழ்த்து கடவுள் காதில் விழுந்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து வாசித்தார்கள். ஐந்தாம் ஆண்டு எழுத்துகள் இடுப்பளவு வந்ததும் தலைமையாசிரியர் பார்த்துவிட்டார். மூன்று பூச்சு அடிக்கச் சொன்னார். மறுநாள் காலை எழுத்துகள் பூச்சுக்கு மேலே வந்து, ஈரமில்லாமல் உட்கார்ந்திருந்தன. விசாரித்து, பெயிண்டரையும் அக்காவையும் நீக்கும் உத்தரவைத் தட்டச்சு செய்யவைத்தார். கையெழுத்திடப் பேனாவைத் திறந்தபோது வாசலில் அவருடைய அம்மா நின்றார். பலகை வாசிக்கத் தெரியாத கூச்சத்தில் இத்தனை ஆண்டுகளும் வெளிக்கேட்டிலேயே நின்று திரும்பிப் போனவர்.

"யார்கிட்டயும் கேக்காம உன் ரூமுக்கு நானே வந்துட்டேன்டா! கதவுல எழுதின மகராசன் யாரு? அந்தக் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்."

தலைமையாசிரியர் பேனாவை மூடினார். அம்மாவைத் தம் நாற்காலியில் உட்காரவைத்து, உத்தரவைக் கிழித்துப் போட்டு, இருவரையும் தேநீருக்கு அழைத்துவரத் தாமே போனார்.

ஒன்பதாம் ஆண்டு எழுத்துகள் தலைநகர் மொழிப் பலகையை எட்டின. பலகை தானாகவே சற்று நகர்ந்து இடம் கொடுத்தது. கேட்டில் நின்ற பெற்றோர் எல்லாரும் இப்போது நேரே வகுப்பறைக்குப் போகிறார்கள். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பெயிண்டரோடு தச்சரும் வந்து, கதவு நிலைகளை ஒரு சாண் உயர்த்திவிட்டுப் போகிறார். அக்கா அண்ணாந்து பார்த்து, உரக்க வாசித்துவிட்டுத்தான் துடைக்க ஆரம்பிக்கிறார்.