நூற்று நாற்பத்து மூன்று வீடுகளின் லெமூர்கள்

பிரெஞ்சுத் தலைநகரின் ரூ பஜோல் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஐங்கரனின் வீட்டுப் பல்கணியில் நூற்று நாற்பத்து மூன்று லெமூர்கள் ஒன்றரை வருடம் குடியிருந்தன. பல்கணியின் நீளம் நான்கு மீற்றர். இடம் போதவில்லை என்று யாரும் சொன்னதில்லை. குரங்குக்கு உறவான அந்தப் பிராணிகள் ஒவ்வொன்றின் வாலிலும் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள் இருந்தன. வந்திறங்கிய காலையில் உரோமத்தில் சிவந்த மண் ஒட்டியிருந்ததால், மடகஸ்காரின் தென்பகுதியிலிருந்து வந்தவை என்பதில் ஐயமில்லை. எப்படி வந்தன என்று கேட்டவர்களுக்கு, நாங்கள் எல்லோரும் வந்த மாதிரித்தான் என்று ஐங்கரனின் மனைவி புஸ்பராணி பதில் சொன்னாள். அதற்கு மேல் எவரும் கேட்கவில்லை.

எல்லாம் அவர்களின் மகள் ஆனைஸின் சாமத்தியவீட்டோடு தொடங்கியது. பெண்பிள்ளை பெரியவளானதை மண்டபம் எடுத்துக் கொண்டாடுவதில் இங்கே வாழும் எந்தத் தமிழ்க் குடும்பமும் இன்னொன்றுக்குப் பின்நிற்பதில்லை. முந்தைய மாதம்தான் புறநகரான பொபினியில் உறவுக்காரர் அல்பிரட் தன் மகளை இரண்டு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அதன் பிறகு ஐங்கரன் வெறும் பல்லக்கோடு நிற்க முடியாது. பிள்ளைகள் கார்ட்டூனில் பார்த்துச் சிரிக்கும், ஆடிக் குதிக்கும் அந்த வளையவால் பிராணி தன் மகளுக்கு முன்னால் ஆடிக்கொண்டு வரவேண்டும் என்று முடிவெடுத்தார். விழாக்களுக்கு மிருகங்களை வாடகைக்கு விடும் ஒருவரிடம் சரிகைச் சட்டை போட்ட லெமூர் ஒன்றை ஒழுங்கு செய்தார். சார்செல் என்ற புறநகரில் எடுத்த மண்டபத்தில் அது ஆடவில்லை. ஒலிபெருக்கி முழங்கியதும் ஆனைஸின் தோளில் தாவி ஏறி, அவளுடைய பூச்சடையை இறுகப் பிடித்துக்கொண்டு நடுங்கியது. புஸ்பராணியின் தம்பி றூபன் அதைப் படம்பிடித்து, பாட்டுச் சேர்த்து, நடுக்கம் ஆட்டமாகத் தெரியும்படி வெட்டி ஒட்டி, நாற்பத்தேழு விநாடி வீடியோவாக்கி உறவினர்களுக்கு அனுப்பினான்.

மறுநாள் காலை பல்கணியில் ஒன்பது லெமூர்கள் இருந்தன. மாலைக்குள் இன்னும் பதினான்கு வீடுகளில் அந்த வீடியோவைச் சேமித்து வைத்தார்கள். அடுத்த காலை இருபத்துமூன்று. எந்த வீட்டில் யார் சேமித்தாலும் அந்த வீட்டுக்கு ஒரு லெமூர் என்ற கணக்கை றூபன்தான் கண்டுபிடித்தான். லண்டன், டொரொண்டோ வீடுகளுக்கும் இங்கேதான் வந்தன. கட்டட நிர்வாகத்திலிருந்து வந்தவர் பல்கணியில் பூச்சாடிகள் மட்டுமே வைக்கலாம் என்று கடிதம் கொடுத்துவிட்டு, ஒரு குட்டியைச் சற்று நேரம் தடவிக்கொடுத்துப் போனார்.

வெயில் ஏறியதும் எல்லா லெமூர்களும் கிழக்கே பார்த்துச் சம்மணமிட்டு, கைகளை முழங்காலில் விரித்துவைத்து, கண்களை மூடி அமர்ந்தன. குளிர்காயும் பிராணிகள் அப்படித்தான் அமரும். ஆனால் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அது சூரிய நமஸ்காரமாகவே தெரிந்தது. பக்கத்துக் கோயிலுக்கு வந்தவர்கள் இங்கேயும் ஒருமுறை கும்பிட்டுப் போனார்கள். அல்பிரட்டின் குதிரைகளை யாரும் கும்பிடவில்லை என்பதை ஐங்கரன் கவனித்திருந்தார். கடையிலிருந்த புளியை அவரே கொண்டுபோய் வைத்தார். வேறெதையும் அவை விரும்பவில்லை. பெண் லெமூர்கள் ஆண்களின் கன்னத்தில் அறைந்து முதல் பங்கை எடுத்துக்கொண்டன. புஸ்பராணி அதை நல்ல குடும்ப ஒழுங்கு என்றாள்.

மாசி மாதத்தில் லாலாவோ என்ற மடகஸ்கார்ப் பெண் கடைக்கு அரிசி வாங்க வந்தாள். மேலே பார்த்தவள் அரிசியை மறந்தாள். காது கிழிந்த லெமூரைக் காட்டி, அது தன் ஊர் ஆற்றங்கரைப் புளியமரத்தில் இருப்பது என்றாள். உடனே ஊரிலிருந்த தாயைத் தொலைபேசியில் அழைத்து, தாய் சொன்னதை ஐங்கரனுக்குப் பிரெஞ்சில் சொன்னாள். ஏற்கெனவே காட்டின் பெரும்பகுதி கரிக்கும் வயலுக்கும் போய்விட்டது. மிஞ்சிய லெமூர்களையும் வீட்டில் வளர்க்கவும் சுற்றுலாக்காரர் படமெடுக்கவும் பிடித்துக் கட்டுகிறார்கள். இப்போது கட்டாமலே காணாமற்போகின்றன. புளி பழுத்து மரத்தடியில் கிடக்கிறது, கொட்டைகளைக் காடெங்கும் கொண்டுபோக ஆளில்லை. தாய் ஏசவில்லை. எடுத்த வீட்டார் யாரிடம் கேட்டு எடுத்தார்கள் என்று மட்டும் கேட்டாள்.

அன்று மாலையே றூபன் வீடியோவை அழித்துவிடலாம் என்றான். ஐங்கரன் ஒத்துக்கொள்ளவில்லை.

"சாமத்தியவீட்டு வீடியோவை அழிச்சால் சனம் என்னடா சொல்லும்? பிள்ளையின்ரை விசேசத்திலை ஏதோ பிழை நடந்திட்டுது எண்டுதான் கதைக்கும். நாளைக்கு இவளுக்கு ஒரு கலியாணம் பேசேக்கை அதுதான் முன்னுக்கு வரும்."

எப்போதும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் ஆனைஸ், ஒருவரும் விளங்கவில்லை என்று தப்பிக்கக்கூடாது என்பதற்காகத் தமிழில் சொன்னாள்.

"அது ஆடேல்லை பப்பா. நடுங்கினது. என்ரை தோளிலைதானே இருந்தது, எனக்குத் தெரியும்."

இந்தக் குடும்பத்தில் எவரும் அடுத்தவர் வளவு மரத்தில் கேளாமல் ஒரு காய் பிடுங்கியதில்லை. மூன்றாம் நாள் ஐங்கரன் கோட் போட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மனைவியோடு இறங்கினார். விசேசத்துக்கு எப்படி வீடு வீடாகப் போய்ச் சொன்னாரோ, அதே வரிசையில் அழிக்கச் சொல்லவும் போவது என்று தீர்மானித்திருந்தார். அப்படிச் செய்தால் எவரும் இதை ஒளிவுமறைவு என்று சொல்ல முடியாது. கடல் கடந்த வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசி, நேரில் வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்டார். ஒவ்வொரு வீட்டிலும் தேநீர் குடித்து, நலம் விசாரித்து, கடைசியில்தான் விஷயத்துக்கு வரவேண்டியிருந்ததால் வாரத்துக்கு இரண்டு மூன்று வீட்டுக்கு மேல் முடியவில்லை. அழித்த வீட்டுக்கு ஒன்றாக, பல்கணியில் மறுநாள் காலை ஒரு லெமூர் குறைந்தது.

அல்பிரட்டின் வீட்டுக் கதவடியில் ஐங்கரன் சற்றுக் கூடுதலாக நிமிர்ந்து நின்றதாகப் புஸ்பராணி பிறகு சொன்னாள். அல்பிரட் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார்.

"என்ரை குதிரையள் அண்டைக்கே திரும்பிப் போட்டுதுகள் அண்ணை. உங்கடை ஆக்கள்தான் போக மனமில்லாமல் நிக்கினமாம்."

"அவையைக் கொண்டுபோய் விடத்தான் வந்தனான்," என்றார் ஐங்கரன்.

அல்பிரட் சிரித்துக்கொண்டே கைபேசியை எடுத்து அழித்தார். பிறகு அவரும் கோட்டை மாட்டிக்கொண்டு பொபினியில் மிச்சமிருந்த பதினொரு வீடுகளுக்குக் கூடவே வந்தார். விழாவுக்கு வந்த வாடகை லெமூரும் அந்த வருடமே ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கூட்டில் பிறந்ததற்குக் காட்டில் பிழைக்கத் தெரியாது என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் ஆவணி மாதம் பல்கணியில் ஒரேயொரு லெமூர் இருந்தது, முதுகில் குட்டி. எல்லா வீடும் முடிந்துவிட்டதாக றூபன் பட்டியலைக் காட்டினான். ஐங்கரன் தன் கைபேசியை எடுத்து மேசையில் வைத்தார். ஆனைஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவருமாக அந்த நாற்பத்தேழு விநாடியையும் கடைசியாக ஒருமுறை பார்த்தார்கள், பாட்டுச் சத்தம் இல்லாமல். பிறகு அவர் விரலை வைத்து அழுத்தினார்.

அடுத்த நாள் மத்தியானம் லாலாவோ கடைக்கு வந்து, மரங்களில் எல்லாம் வந்து ஏறிவிட்டன, குட்டியும் நலம் என்று தாய் சொன்னதைச் சொன்னாள். பல்கணியில் இப்போது புஸ்பராணி மிளகாய் காயவைக்கிறாள். கொண்டாட்டங்களில் யாராவது ஐங்கரனிடம் மகளின் சாமத்தியவீட்டு வீடியோவைக் கேட்டால், அது மடகஸ்காரில் இருக்கிறது என்று நிமிர்ந்தபடியே சொல்கிறார். கேட்டவர்கள் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் பந்திக்குப் போகிறார்கள்.