கொக்கியில் கட்டிய நூல்

லூர்துநாதன் கை கழுவும் அழகைப் பார்த்துத்தான் அகஸ்டினாவுக்கு அவன்மேல் மதிப்பே வந்தது. மில் எலக்ட்ரீஷியனான அவன், நகக்கண் வரை சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகுதான் சோற்றில் கை வைப்பான். இப்போது புருஷனின் அந்தக் கையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம், கரண்டை நிறுத்தும் மில்லின் பெரிய பிரேக்கரில் புதுப் பெட்டி ஒன்று வைத்தார்கள். அதற்கு முன்பு இருந்தது எண்ணெய்க் குப்பி வைத்த பழைய அமைப்பு. பஞ்சுத் தூசியும் செத்த கரப்பானும் ஊறி எண்ணெய் கூழாகிவிட, கரண்டு மிஞ்சினாலும் அது ஆடி அசைந்துதான் வேலை செய்யும். புதுப் பெட்டி அப்படியல்ல. கம்பிகளைச் சுற்றி மாட்டிய வளையங்கள் எவ்வளவு கரண்டு போகிறதென்று அதற்குச் சொல்லும். கொஞ்சம் மிஞ்சினால் பொறுத்துப் பார்க்கும். அளவு மீறினால் கண் இமைக்குமுன் சிவப்பு முளை ஒன்று வெளியே துருத்தும், பிரேக்கரைப் பிடித்திருக்கும் கொக்கி விடுபடும், பிரேக்கர் திறந்து மெஷின்கள் நின்றுவிடும். எல்லாம் லூர்துநாதன் வீட்டில் பெருமையாகச் சொன்னதுதான்.

சூப்பர்வைசர் அரிகிருஷ்ணன் அதே பழைய கேபிளில் புது மெஷின்களையும் மாட்டினார். பெட்டி சும்மா இருக்குமா? தினமும் காலையில் மெஷின்களை நிறுத்தியது. அவர் சுவிட்ச் ரூம் மூலையில் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, ஃபோர்மேன் இடம் காலியாக இருப்பதை லூர்துநாதன் காதில் போட்டார்.

மறுநாள் அவன் அகஸ்டினா வேலை பார்க்கும் நூல் சுற்றும் பிரிவுக்கு வந்து அவளிடம் ஒரு பிடி கழிவு நூல் கேட்டான். மில்லில் எது தளர்ந்தாலும் நூலால் கட்டுவதுதானே வழக்கம். பச்சைச் சாய நூல் கொடுத்தாள். அதன்பின் மில் நிற்கவே இல்லை.

ஒரு நாள் கேபிள் வெடித்தது. அதை ஒட்டி நின்றவள் அகஸ்டினாவோடு வேலை பார்த்த குருசுக்குப்பத்துக் கொளஞ்சி. இரண்டு கையும் வெந்துபோயின. ரப்பரும் சதையும் சேர்ந்து கருகிய நாற்றம் அகஸ்டினாவின் தலைமுடியை விட்டுப் போகவில்லை.

அன்று வீட்டில் லூர்துநாதன் வெகுநேரம் கை தேய்த்தான். நகக்கண்ணில் பச்சை போகவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கொக்கியக் கட்டிட்டீங்களா?"

"வாய மூடிக்கினு இரு. சூப்பர்வைசர் சொல்லித்தான் கட்டுனேன். பொட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லியாச்சு."

"கொளஞ்சிக்கு இன்னா சொல்றது?"

அவன் கருவாட்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

வெடித்த கேபிளை ஒட்டுப்போட்டு மில்லை மறுபடி ஓட்டினார்கள். பெட்டியைச் சோதிக்க மெட்ராஸிலிருந்து என்ஜினியர் இராமதாஸ் வந்தார். தீப்பிடித்ததும் ஓடிப்போய் நூலை அறுத்த லூர்துநாதன், சிவப்பு முளையை உள்ளே தள்ள மறந்திருந்தான். பெட்டி அன்றைக்கே உத்தரவு கொடுத்துவிட்டது, கொக்கிதான் நகரவில்லை என்று இராமதாஸ் கண்டுகொண்டார். துருப்பிடித்திருக்கும் என்றார் அரிகிருஷ்ணன். ஆமாம் என்று லூர்துநாதன் தலையாட்டினான். கொக்கிக்கு எண்ணெய் விடச் சொல்லிவிட்டு இராமதாஸ் சுவிட்ச் ரூமிலேயே பையைக் கட்டினார்.

சற்று நேரத்தில் லூர்துநாதன் அகஸ்டினாவின் மெஷின் பக்கம் வந்து நின்றான். அவளுக்குப் பக்கத்து இடம் கொளஞ்சியுடையது, காலியாகக் கிடந்தது.

"ஒரு பிடி நூல் குடு," என்றான் மெதுவாக. "வெள்ளையா குடு. சாயம் வேணாம்."

அவள் நூலை எடுத்தாள். அவனிடம் நீட்டவில்லை. அவன் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் சுவிட்ச் ரூமுக்குப் போனாள். ஆண்கள் நடுவில் தலை நிமிர்ந்து பேசியறியாதவள், தரையில் கிடந்த வெற்றிலைக் கறையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சார், துரு இல்ல. இது மாதிரி நூலாலதான் கொக்கியக் கட்டியிருந்தாரு எங்க வூட்டுக்காரரு. சூப்பர்வைசருக்கும் தெரியும். இப்பவும் எங்கூட்டுக்காரரு எங்கிட்ட வந்து நூல் கேக்கறாரு."

அரிகிருஷ்ணன் பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று சத்தம் போட்டார். இராமதாஸ் கட்டின பையை மறுபடி அவிழ்த்தார். முதலாளியிடம் நேரில் சொல்லி, கேபிள் மாற்றும்வரை புது மெஷின்களை நிறுத்த வைத்துவிட்டுத்தான் போனார். லூர்துநாதனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அரிகிருஷ்ணன் வேறு பிரிவுக்குப் போனார்.

சாயங்காலம் உப்பளம் பகுதியில் இருந்த தங்கள் வீட்டின் பின்பக்கம் லூர்துநாதன் சோப்பு நுரையோடு கையை நீட்டினான், எப்போதும்போல அவள் தண்ணீர் ஊற்றுவாளென்று. அவள் செம்பை அவன் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.