வாசல் சுவரில் பச்சைப் பட்டன்

மிக்கேலம்மாளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்ட நாளிலிருந்து கிணற்றுக்கு ஓடுவது மருமகள் ராஜமேரியின் வேலையாகிவிட்டது. கிணறு வீட்டிலிருந்து இரண்டு பர்லாங்; நடுவில் ஓர் ஓடை வேறு. கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும். திரும்பி வந்தால் தானாக ஓடாது. யாராவது போய் ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். அந்தக் கரண்டோ, பகல் பொழுது முடிவதற்குள் எட்டு தடவை போய் எட்டு தடவை வரும். வீட்டு ரேடியோ திடீரென்று பாட ஆரம்பித்ததும் "அடியே, கரண்டு!" என்று மாமியார் கத்துவாள். ராஜமேரி களி உருண்டையைப் பாதியில் விட்டுவிட்டு, எச்சில் கையோடு ஓடுவாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கடத்தூர் பக்கம் அவள் பிறந்த ஊரில் அந்தோணியார் தேர். கல்யாணமாகி வரும் முதல் தேருக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து போய் மாலை சாத்துவது அந்த ஊர் வழக்கம். அடுத்த வருஷம் சாத்தினால் அது வெறும் மாலைதான். ராஜமேரி ஒரு மாதமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"தக்காளி நாத்து நட்டு நாலு நாளுதான் ஆவுது. ஒரு நாளு தண்ணி இல்லன்னா சுருண்டு பூடும்" என்றாள் மிக்கேலம்மாள். "நீங்க ரெண்டு பேரும் கெளம்பிட்டா என் முட்டியா மோட்டாருக்கு ஓடும்? வூட்டுல உக்காந்த எடத்துலயே மோட்டார ஓட்ட முடியும்னா சொல்லு, மகராசியா போயிட்டு வா."

மாமியார் கிண்டலுக்குத்தான் சொன்னாள். ராஜமேரி அதை வாக்காக எடுத்துக்கொண்டாள். கேழ்வரகு அரைக்கப் போகிற மில்லில், முதலாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுத்த அறை மோட்டாரைப் பட்டன் அழுத்தி ஓட்டுவதை அவள் பார்த்திருந்தாள். அந்த மில்லுக்கு ஒயர் இழுத்த பச்சியப்பனைத் தேடிப் போய், முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்கண்ணா, அடுத்த ரூமுக்குப் போற ஒயரு ரெண்டு பர்லாங்கு போவாதுங்களா?"

பச்சியப்பன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தான். "போவும் தங்கச்சி. இத்தினி நாளா எவனும் கேக்கல, அவ்ளோதான்."

செவ்வாய்க்கிழமை ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூங்கில் நட்டு, ஆள் தலைக்கு மேலே ஒயர் வந்து சேர்ந்தது. ஒரு சின்னப் பெட்டி. அதில் பச்சைப் பட்டன் அழுத்தினால் மோட்டார் ஓடும், சிவப்பு அழுத்தினால் நிற்கும். மோட்டார் ஓடுகிறதா என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள மேலே புளியங்கொட்டை அளவில் ஒரு விளக்கு. உள்ளே சமையலறைச் சுவரில் வைக்கலாம் என்றாள் ராஜமேரி.

"அடுப்புப் பக்கம் வெச்சா எவ பாப்பா? வாசல் செவுத்துல வையி பச்சியப்பா, தெருவே பாக்கட்டும்" என்றாள் மிக்கேலம்மாள். நிலைக்கு வலது பக்கம், ஆள் கைக்கு எட்டுகிற உயரத்தில் பெட்டி ஏறியது.

புதன்கிழமை மாமியாரும் மருமகளும் கொல்லையில் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் சத்தம் கேட்டு வந்து பார்த்தால், ராஜமேரியின் புருஷன் சவரிராயன் தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நின்றான். வாயில் ஊறிப்போன பீடி.

"கெணத்துத் தொட்டியில பாசி தேய்க்கப் போறேன், மோட்டாரத் தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான போனேன்? கொழாய்க்கு அடியில தலைய வுட்டுத் தேய்க்கறேன், சர்ருனு கொட்டுது. போயி நிறுத்திட்டு வந்து குனியறேன், மறுபடியும் சர்ருங்குது. என்னம்மா வெளையாட்டு இது?"

"அந்தோணியார் மேல சத்தியமா நான் தொடலடா!"

"அப்ப பேயா அழுத்துது?"

பேய் இல்லை. கோயில் உபதேசியார் வியாகுலம்தான் சுவரோரம் குடையை ஊன்றிக்கொண்டு, பச்சைப் பட்டனில் விரலை வைத்தபடி நின்றிருந்தார். "பெரிய வூடு கணக்கா காலிங் பெல்லு வெச்சிருக்கீங்கன்னு சந்தோசமா அழுத்தறேன். எத்தினி வாட்டி அழுத்தனாலும் மணி அடிக்கலியே? பேட்டரி போட்டீங்களா இல்லியா?"

அடுத்த வீட்டுக் கோவிந்தம்மாள் வேலி மேல் எட்டிப் பார்த்தாள். "ஆமாங்க, நானும் மோருக்கு வந்து ஒரு வாட்டி அழுத்திப் பாத்துட்டுப் போனேன். கெட்ட பெல்லு போல."

ராஜமேரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மாமியார் முகத்தைப் பார்த்ததும் உள்ளேயே இறங்கிவிட்டது.

"கழட்டி எறி அத!" என்றாள் மிக்கேலம்மாள். "போற வர்றவன்லாம் என் கெணத்த எறைக்கறான். தேரும் வேணாம், திருநாளும் வேணாம்."

ராஜமேரி அன்று மத்தியானம் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். தெருவில் போகிறவர் கை எட்டாத இடம், மாமியார் கை எட்டுகிற இடம், இரண்டும் ஒன்றாக இந்த வீட்டில் எங்கே இருக்கிறது? தலை நிமிர்ந்தாள். மாமியார் உட்காருகிற இடத்துக்கு நேர் மேலே, சின்னக் கதவு போட்ட மாடம். வெற்றிலை, செபப்புத்தகம், மூக்குப்பொடி எல்லாம் அதற்குள். சாவி மாமியார் இடுப்பில். பெற்ற மகனே அதைத் திறந்தது கிடையாது.

"அத்தை," என்றாள் மெதுவாக. "அந்தப் பெட்டி ஒங்க மாடத்துக்குள்ள இருந்தா, ஒங்களத் தவிர வேற யாரும் மோட்டாரத் தொட முடியாதுங்க."

"என் மாடத்துலயா?" என்று மிக்கேலம்மாள் முறைத்தாள். பிறகு மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து மூடியபடி, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனைக் காட்டினாள். "இவனுங்கூடவா?"

"அவருங்கூடத்தாங்க."

"நானுங்கூட ஒன்னக் கேட்டுத்தான் எங்கெணத்துல தண்ணி எடுக்கணுமா?" என்றான் சவரிராயன்.

"ஆமாண்டா" என்றாள் அம்மா, சாவியை இடுப்பிலிருந்து உருவிக்கொண்டே. "பச்சியப்பனக் கூட்டிகிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை ராஜமேரி புருஷனோடு சேர்ந்து மாலை சாத்தினாள். தேர் திரும்புகிற முனையில் பேண்டு வாத்தியம் காதைக் கிழித்தபோதும், கரண்ட் வந்திருக்குமா, அத்தை கை பச்சைக்குப் போனதா சிவப்புக்குப் போனதா என்றே அவள் மனசு ஓடியது.

திங்கள் காலை பஸ் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே தோட்டத்துக்கு ஓடினாள். பாத்தி எல்லாம் ஈரம். நாற்றுகள் நிமிர்ந்து நின்றன.

வீட்டில் மிக்கேலம்மாள் மாடத்துக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கோவிந்தம்மாளோடு நான்கு பெண்கள். "பச்சைய அமுக்கணும், வெளக்கு எரியுதான்னு பாக்கணும். எரியலன்னா கரண்டு இல்லன்னு அர்த்தம். கண்டவ கை படக் கூடாது" என்று பாடம் நடந்துகொண்டிருந்தது.

ராஜமேரி தட்டில் களியை வைத்து உட்கார்ந்தாள். முதல் உருண்டையைக் குழம்பில் தொட்டபோது ரேடியோ பாட ஆரம்பித்தது. பழக்கதோஷத்தில் துள்ளி எழுந்து வாசலைத் தாண்டிவிட்டாள்.

"எங்கடி ஓடற?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, கூடவே மாடத்துப் பூட்டு திறக்கிற சத்தம். "வந்து தின்னு. அது என்னோட மோட்டாரு."