மேற்படி நபர்

“கட்டில கொஞ்சம் நகர்த்துங்கம்மா, இந்த ரூமையும் அளந்துடறேன்” என்றான் வரி அலுவலகத்திலிருந்து வந்தவன்.

“கட்டில் கெடக்கட்டும். தாள்ல என்ன எழுதினீங்க, அத மொதல்ல சொல்லுங்க” என்றாள் பல்லக்கா.

கட்டுப்பல் செய்யும் கூடத்தில் முப்பது வருடமாக வேலை. அதனால் அந்தப் பெயர். தெருவில் வயதானவர்கள் வாய்விட்டுச் சிரித்தால் பாதிக்குப் பாதி அவள் கைவேலை தெரியும்.

“குடியிருக்கறவர், வாடகைதாரர்னு எழுதினேன்.”

“நான் வாடகைக்கு இல்லப்பா. இது எங்க வீடு.”

“யார் பேர்ல இருக்கு?”

“அண்ணன் பேர்ல.”

“அவர் இங்க இருக்காரா?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து வேற ஊர்ல.”

“இதுல ரெண்டே கட்டம்தான். ஓனர், இல்லாட்டி வாடகைதாரர். வீட்டுப் பொண்ணுன்னு ஒரு கட்டம் இல்லம்மா.”

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்றது.

அப்பா ஆறு வருடம் படுக்கையில் கிடந்தார். புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டிவிட்டது அவள். அதில் கல்யாண வயது போனது. கடைசியில் அப்பா வீட்டை மகன் பேருக்கு எழுதினார். “அவளுக்குத்தான் அண்ணன் இருக்கானே” என்று உறவினர் எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கும் அன்று அது சரியாகவே பட்டது. பிறகு ஒழுகிய கூரையை மாற்றியதும், மாடியில் ஓர் அறை கட்டியதும் அவளுடைய சேமிப்பில்தான். அண்ணன் பெயரில் ஆண்டுதோறும் வரிசையில் நின்று வரி கட்டியதும் அவள்தான்.

இரண்டு வாரத்தில் நோட்டீஸ் வந்தது. வாடகை வீடு என்பதால் வரி இரண்டு மடங்கு. அவள் மேல்முறையீடு எழுதினாள். தண்ணீர் பில், மின்சார பில், அப்பாவின் மருந்துச் சீட்டுகள் என்று ஒரு பை நிறையக் கொண்டுபோனாள். குமாஸ்தா பையைத் திறக்கவே விடவில்லை.

“இதெல்லாம் எதுக்கு? வாடகை வாங்கலேன்னு ஓனர்கிட்டேர்ந்து ஒரு கடுதாசி போதும்.”

அண்ணனிடம் போனில் சொன்னாள். “இதுக்குப் போயா இவ்வளவு அலைச்சல்? நான் நேரா ஆபீசுக்கே அனுப்பிடறேன், விடு” என்றார். அவளுக்கு மனசு லேசானது.

விசாரணை அன்று மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. அண்ணனின் கடிதத்தைப் பிரித்து வாசித்தாள்.

“‘மேற்படி நபர் எனது தயவின் பேரில், வாடகை ஏதுமின்றி, நான் காலி செய்யச் சொல்லும் வரை தங்கியிருக்கிறார். வீட்டில் அவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை.’”

கடைசி வரியில் அதிகாரியின் குரல் இறங்கிவிட்டது. தங்கை என்ற சொல் கடிதத்தில் எங்குமே இல்லை.

“உங்களுக்குச் சாதகமாத்தான் இருக்கு. இதுக்குக் கீழ ‘ஒப்புக்கொள்கிறேன்’னு ஒரு கையெழுத்து. பழைய வரியே கட்டலாம்.”

பல்லக்கா பேனாவை எடுக்கவில்லை.

“ஒண்ணு கேக்கலாமா மேடம்? வாடகைக்கு இருக்கறவங்கள நெனச்ச மாத்திரத்துல வெளிய அனுப்ப முடியுமா?”

“முடியாது. முறைப்படி அவகாசம் குடுக்கணும்.”

“தயவுல இருக்கறவங்கள?”

அதிகாரி காகிதங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினாள். ஏற்கெனவே அவை ஒழுங்காகத்தான் இருந்தன.

“அப்ப மனுவ வாபஸ் வாங்கிக்கறேன். வாடகைதாரர்னே இருக்கட்டும்.”

“வருஷா வருஷம் ரெண்டு மடங்கு கட்டணும்க்கா.”

“கட்டறேன்.”

அடுத்த மாதம் அண்ணன் வந்தார். கையில் தட்டச்சு செய்த ஒப்பந்தம்.

“வாடகை வீடுன்னு நீயே ஒத்துக்கிட்டியாமே. அப்ப வாடகை எங்கன்னு உங்க அண்ணி கேக்கறா. நான் என்ன பதில் சொல்ல?”

“மாடி ரூம் நான் கட்டினதுண்ணா.”

“அதுக்கு ஏதாவது காகிதம் வச்சிருக்கியா?”

இல்லை. சொந்த வீட்டுக்குச் செங்கல் வாங்க யார் காகிதம் கேட்டு வைப்பார்கள்?

ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு. புதுப்பிப்பது உரிமையாளர் விருப்பம். பல்லில் சொரசொரப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மாதச் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடும். இன்னும் நான்கு வருடத்தில் சம்பளமும் நின்றுவிடும். வேறு எங்கே போவது என்று யோசித்துப் பார்த்தாள். எந்த இடமும் நினைவுக்கு வரவில்லை. கையெழுத்துப் போட்டாள். உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள்.

அண்ணன் அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

“ரசீது” என்று கையை நீட்டினாள்.

அவர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. “கூடப் பொறந்தவங்களுக்குள்ள ரசீதா?”

பல்லக்கா நீட்டிய கையை மடக்கவில்லை.