டிஷ்யூ எறியாத ஆள்

ஏழாம் மேசைக்காரன் இரண்டு தட்டு டிஷ்யூ வாங்கி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஒரு தாள்கூட எறியவில்லை.

பல்கேரியாவின் பிளோவ்திவ் நகரில், இந்த நிலவறைக் கிளப்புக்கு வருகிறவன் டிஷ்யூ வாங்குவதே பாடகியின் தலைக்கு மேல் வாரி இறைக்கத்தான். மேடையடியில் கணுக்கால் வரை வெள்ளையாகக் கிடந்தது. இவன் மட்டும் தட்டைத் தன் பக்கம் இழுத்து, குவியலுக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தான்.

ஸப்ரியானுக்கு இங்கே பதினோரு வருடக் காவல் வேலை. வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பான். மாலையில் பாடகி ரலித்சா, விவாகரத்தான கணவன் வெலிச்கோ அனுப்பிய செய்தியைக் காட்டியிருந்தாள்: 'இன்னைக்கு உன் கடைசிப் பாட்டு.' வெலிச்கோவை வாசல் காவலர்கள் எல்லோருக்கும் தெரியும், உள்ளே விடமாட்டார்கள். அதனால் வேறு யாரையாவது அனுப்புவான் என்று ஸப்ரியான் நினைத்தான்.

மேடைக்குப் பின்னால், பின்சந்துக்கு ஏறிப் போகும் சின்னக் கதவில் கூட்டாளி நைடென் நின்றான். ஸப்ரியான் அவன் காதில் கத்தினான்.

"ஏழாம் மேசைய வாசல்ல தடவிப் பாத்தது யாரு?"

"நான்தான். சுத்தம்."

"நல்லாப் பாத்தியா?"

"அவன் என்ன எனக்கு மாப்பிள்ளையா, அவுத்துப் பாக்க? போ மச்சான், கரண்டி பிடிச்சவனும் உனக்குக் கத்தி பிடிச்சவன்தான்."

நைடென் சிரித்தான். கண் மட்டும் கைப்பேசியை விட்டு வரவில்லை.

ஏழாம் மேசைக்காரனின் சட்டையைப் பிடித்தால் பக்கத்து மேசைகள் எழும்பும், பாட்டில் பறக்கும். இருநூறு பேர் குடித்திருக்கிறார்கள், கூட்டம் மேலே தெருவுக்குப் போக ஒரே படிக்கட்டு. ஸப்ரியான் சிரித்துக்கொண்டே போய் இரண்டு தட்டையும் தூக்கி அந்த ஆளின் தலையிலேயே கவிழ்த்தான். கூட்டம் கூவியது. கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஈரமான வெறுங்கை.

"தோத்துட்டேனே அண்ணே! நீங்க சண்டைக்குத்தான் வருவீங்கன்னு பந்தயம் கட்டியிருந்தேன்."

"யாரோட?"

"உங்காளோடதான். ராக்கியா சரக்கு வாங்கிக் குடுத்து, கைய உள்ள விட்டுட்டு உக்காருன்னாரு."

அவன் சின்னக் கதவைக் காட்டினான். கதவு திறந்திருந்தது. நைடென் இல்லை.

ஸப்ரியான் மேடையேறி, பாட்டின் நடுவிலேயே ரலித்சாவைத் தோளில் தூக்கினான். இதுவும் நிகழ்ச்சிதான் என்று கூட்டம் டிஷ்யூவைக் கொட்டியது. அந்த வெள்ளைக்கு நடுவே, சின்னக் கதவில் வெலிச்கோ தெரிந்தான். கை மேல்கோட்டுக்குள் இருந்தது. ஓடினால் கூட்டமும் ஓடும், படிக்கட்டில் நசுங்கும். ஸப்ரியான் பல்லைக் காட்டிக்கொண்டு மெதுவாக நடந்தான். கும்பல் அவனுக்கு வழிவிட்டு, பின்னாலேயே ஆடியபடி மூடிக்கொண்டது. வெலிச்கோ மறுகரையில் மாட்டிக்கொண்டான்.

படியேறித் தெருவுக்கு வந்ததும், தன் காருக்குப் பக்கத்தில் அவளை இறக்கி, "வெலிச்கோ உள்ள இருக்கான். நைடென்தான் விட்டிருக்கான். ஏறு," என்றான்.

ரலித்சா ஏறவில்லை.

"பத்து வருசம் உன்கூட நின்னவன் அவன். அவன் வித்துட்டான்னு சொல்ற. நீ விக்கலன்னு எப்படி நம்புறது? என்னை அவன்கிட்டயே கொண்டு போறியோ என்னவோ."

அவள் இடத்தில் ஸப்ரியானும் நம்பியிருக்க மாட்டான். சாவியைக் கார் கூரைமேல் வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போனான்.

"நீயே ஓட்டு. எங்க போறேன்னு எங்கிட்டயும் சொல்லாத."

அவனுக்கு முதுகு காட்டாமலே அவள் சாவியை எடுத்தாள். உள்ளே ஏறியதும் முதலில் கதவுகளைப் பூட்டினாள். வெலிச்கோ மேலே வராதபடி ஸப்ரியான் படிக்கட்டின் வாயை அடைத்துக்கொண்டு நின்றான்.