பூசணம் பூத்த லென்ஸ்

என் லென்ஸைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்ததுமே அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"உள்ள பூசணம் பூத்திருக்கு. குப்பைல போடு."

"பூத்தா நல்லதுதானே. பூவைத்தானே எடுக்கப் போறேன்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டூடியோ அவருடையது. கல்யாணம், பிறந்தநாள், பாஸ்போர்ட் படம் எல்லாம் அவர் எடுப்பார். நான் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மணப்பெண்களின் பருக்களை அழிப்பேன். ஊரில் பாதிப் பேருடைய முகத்தை நான்தான் சரிசெய்திருக்கிறேன். ஆனால் என் கையில் கேமராவைக் கொடுக்க மட்டும் அவருக்கு மனசு வராது. "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா" என்பார். அந்த 'ம்மா'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணனுடைய லென்ஸின் மூடி என்ன விலையோ, அந்த விலைக்குப் பழைய சாமான் கடையில் என் ஜூம் லென்ஸ் முழுசாகவே கிடைத்தது. நான் பிறப்பதற்கு முன்னால் செய்தது. நல்ல கனம். கீழ்நோக்கிப் பிடித்தால் குழாய் தானாக வழுக்கி இறங்கிவிடும்; தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டைச் சுற்றி அதை அடக்கினேன். ஃபோகஸ் கையால்தான் பிடிக்க வேண்டும். ஆனால் வளையத்தைக் கடைசிவரை திருப்பினால் பூவுக்கு வெகு அருகில் போகலாம். அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய கேமராவில் ஒரு இணைப்பு வளையம் போட்டு மாட்டினேன்.

ஸ்டூடியோவுக்கு எதிரே ஒரு மரம். குளிர் போனதும் இலை ஒன்றுகூட இல்லாமல் கிளை முழுக்க வெளிறிய ரோஸ் நிறத்தில் பூக்கும். ஒரு மழை வந்தால் கதை முடிந்தது. கடை திறக்கும் முன் அதன் கீழே போய் நிற்பேன். அவ்வளவு அருகில் போனால் மயிரிழை ஆழத்துக்குத்தான் எதுவும் தெளிவாகத் தெரியும். மூச்சை அடக்கி, உடம்பை முன்னும் பின்னும் அசைத்து, மகரந்தத் தூள் தெளிந்து வரும்போது சட்டென்று அழுத்த வேண்டும். காற்று அடித்தால் அத்தனையும் வீண். கண் பூத்துப்போகும்வரை நின்றேன். பேப்பர் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தி, "மேல ஏதாவது மாட்டிக்கிச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் புதிய கண் மருத்துவமனையிலிருந்து டாக்டரம்மா வந்தார். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தின் சுவரில் பெரிது பெரிதாகப் பூப்படங்கள் வேண்டுமாம். அண்ணன் ஒப்புக்கொண்டார். அவர் கேமராவைத் தூக்குவதற்குள் மழை பெய்து மரம் மொட்டையாகிவிட்டது. வேறு வழியில்லாமல் என் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்து என் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குறை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

"இதையே குடுத்துடலாம். கீழ என் பேரைப் போட்டுடு" என்றார்.

"எடுத்தது நான்ணே."

"நீ எடுத்தா என்ன, நான் எடுத்தா என்ன? ஒரே குடும்பம்தானே."

"அப்ப நான் எடுத்ததாவே போடுங்க. ஒரே குடும்பம்தானே."

அவர் முகம் சுருங்கியது. "ரொம்ப முறுக்கிக்காதே. பூசணம் பிடிச்ச லென்ஸ்ல தங்கச்சி எடுத்ததுன்னு சொன்னா யாரு வாங்குவாங்க? பின்னால வட்ட வட்டமா வெளிச்சம் தெரியுதுல்ல, அதுக்குள்ள நூல் மாதிரி அழுக்கு இருக்கு. எல்லாத்தையும் அழிச்சுட்டு அச்சுக்கு அனுப்பு."

நூல் இருந்தது உண்மைதான். பூவுக்குப் பின்னால் மங்கி வட்டமாகிப்போன ஒவ்வொரு வெளிச்சத்துக்குள்ளும் ஒரே மாதிரி மெல்லிய இழைகள் கிளைவிட்டிருந்தன. என் லென்ஸின் பூசணம். பருவை அழிப்பதைவிடச் சுலபமான வேலை. மவுஸைப் பிடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது: இதைத் துடைத்துவிட்டால் இந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். கையை எடுத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவர் அழிக்கச் சொல்லி நான் அழிக்காதது அதுதான் முதல் தடவை. அண்ணன் பெயரையும் போடாமல் அப்படியே அச்சுக்கு அனுப்பினேன்.

டாக்டரம்மா வந்து மேசையில் பரப்பியிருந்த படங்களைக் குனிந்து பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு. நீங்களா எடுத்தீங்க?" என்று அண்ணனைக் கேட்டார்.

"ஆமா டாக்டர். இதுலதான். புது மாடல்." அண்ணன் தன் லென்ஸைத் தட்டிக் காட்டினார்.

"இந்த வட்டத்துக்குள்ள நூல் நூலா இருக்கே, அது என்ன?"

அண்ணன் என்னை ஒரு முறை முறைத்தார். "அது இந்த லென்ஸோட எஃபெக்ட் டாக்டர்."

வேலை போகும், வீட்டில் அம்மா முகம் கொடுத்துப் பேசமாட்டாள், எல்லாம் தெரியும். பயமாகவும் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. கைப்பையிலிருந்து என் லென்ஸை எடுத்து, ரப்பர் பேண்டோடு, படங்களின் மேல் வைத்தேன்.

"எடுத்தது நான், டாக்டர். இதுலதான். அந்த நூல் பூசணம். அண்ணனே பார்த்துச் சொன்னதுதான்."

"நீ உள்ள போ" என்றார் அண்ணன். நான் போகவில்லை.

டாக்டரம்மா கோட்டுப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார். நோயாளியின் கண்ணைப் பார்ப்பது மாதிரியே என் லென்ஸுக்குள் அடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மறுபடியும் லென்ஸ். அதே கிளை, அதே வளைவு. அண்ணனுடைய லென்ஸையும் கேட்டு வாங்கி டார்ச் அடித்தார்.

"இது சுத்தமா இருக்கே" என்றார்.

இத்தனை நாள் அண்ணன் பெருமை பேசிக்கொண்டிருந்த சுத்தம்தான். அவர் தரையைப் பார்த்தார். "வேணும்னா அந்த நூலை அழிச்சுக் குடுத்துடறோம் டாக்டர்."

"நான் அழிக்க மாட்டேன்" என்றேன்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா. "எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு உலகம் இப்படித்தான் தெரியுது." பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார். "கீழ பேரு போடணுமே. எப்படி எழுதறது?"

இனிஷியல் எனக்கும் அண்ணனுக்கும் ஒன்றுதான். அதனால் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, அண்ணன் காதில் விழும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.